ஏழு துண்டு, ஆறு வால்

கிண்ணத்தைக் கழுவப் போனவளின் கை குழாயடியில் அப்படியே நின்றுவிட்டது.

மீன் காட்சிசாலையின் திருக்கைக் குளம் அவள் பொறுப்பு. சிறுவர்களின் முழங்கால் அளவுக்குத் தண்ணீர், அடியில் மணல், உள்ளே ஏழு திருக்கைகள். நம் மூக்கு நுனியைப் போல உடம்பு முழுக்கக் குருத்தெலும்பு, பரம சாது. வாலில் இருக்கும் விஷமுள் மட்டும் சாது இல்லை. நறுக்க நறுக்க நகம் மாதிரி வளரும். குறித்த நாளில் ஒவ்வொன்றாக வலையில் பிடித்து, முள்ளை நறுக்கி, துண்டைக் கிண்ணத்தில் போடுவார்கள். இன்று காலை அவள் நறுக்கினாள், நாத்தனார் வலை பிடித்தாள். கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "ஏழு ஆச்சு அண்ணி, கதவத் திறக்கலாம்" என்றதும் நாத்தனார்தான்.

ஏழுதான். ஆனால் அதில் ஒரு தடித்த பழுப்பு முள்ளின் அடியில் மெல்லிய வெள்ளை முள் ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. பழைய முள் விழுமுன்னே புது முள் முளைத்திருக்கிறது. ஒரே வெட்டில் இரண்டு துண்டு!

அப்படியானால் நறுக்கியது ஆறு வால்தான்.

குளத்துக்குள், திருக்கைகளைத் தொட்டுப் பார்க்க இறங்கிய இருபது பள்ளிப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி அவள் பெற்ற மகள். நின்ற இடத்தில் நிற்காமல் குதிப்பதால் வகுப்பே வைத்த பெயர் 'தவளை'.

ஓடினாள்.

"பயப்படாதீங்க செல்லங்களா, முள்ளெல்லாம் வெட்டியாச்சு!" நாத்தனார் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தாள்.

நாத்தனாரின் காதருகே குனிந்து, "ஒண்ணு விட்டுப்போச்சு. கத்தாதே" என்றாள்.

நாத்தனாரின் முகம் வெளுத்தது. "ஐயோ அண்ணி, நான் கிண்ணத்தத்தானே எண்ணினேன்... எல்லாரையும் வெளிய வரச் சொல்லட்டுமா?"

"சொன்னா ஓடுவாங்க. ஓடினா மிதிப்பாங்க. மிதிச்சாத்தான் அது குத்தும். மைக்கைக் குடு."

எதிர்க் கரையோரம் தவளை நின்றாள். அவள் கால்விரலுக்கு ஒரு சாண் முன்னால் மணல் தட்டுப்போல் மேடிட்டிருந்தது. மேட்டின் நடுவே இரண்டு கண்கள். பின்னால் நீண்ட வாலில், வெட்டுப்படாத முள். தவளை குதிப்பதற்கு முழங்காலை மடக்கினாள்.

"ரயில் விளையாட்டு!" அம்மாவின் குரல் கணீரென்று ஒலித்தது. "முன்னால நிக்கிறவங்க தோளப் பிடிங்க. ரயிலுக்குக் கால் கிடையாது, சக்கரம்தான். மணலத் தேய்ச்சுத் தேய்ச்சு படிக்கு வரணும். காலத் தூக்கினவங்க அவுட்!"

"தவளைதான் மொத அவுட்டு!" என்றான் ஒரு வாண்டு. கொல்லென்று சிரிப்பு.

தவளை உதட்டைக் கடித்தாள். மடங்கிய முழங்கால் நிமிர்ந்தது. வலது பாதம் மணலை உரசியபடி முன்னே நகர்ந்தது. ஒரு விரற்கடை. இன்னொன்று.

தள்ளப்பட்ட மணல் அதன் விளிம்பில் பட்டதும் திருக்கை சிலிர்த்தது. வால் ஒருமுறை வளைந்தது. பிறகு போர்வையை உதறுவதுபோல் மணலை உதறிவிட்டு, சிறுமியின் கணுக்காலை ஒட்டி வழுக்கிக்கொண்டு குளத்தின் நடுவுக்குப் போயிற்று.

ரயில் படியேறியது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இந்த முறை அம்மாவே தலைகளை எண்ணினாள்.

"அம்மா, நான் ஒரு தடவகூடக் காலத் தூக்கல, பாத்தியா?"

"பாத்தேன்டி" என்றவள் ஈரத் தரையிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் கதவைச் சாத்தி, வலையோடு வந்து நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன. "அண்ணி... இனிமே வாலத்தான் எண்ணுவேன்."

"அழறத அப்புறம் வச்சுக்கலாம். வலைய விரி."