ஈறு நிறத் தட்டு

பாலிஷ் சக்கரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தபோதுதான் பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. பல்செட் செய்து செய்தே ஊருக்குப் பல்லக்கா ஆனவளின் பழகிய கை. ரோஸ் பிசினில் எதை வார்த்தாலும், அச்சிலிருந்து எடுத்த மறுநிமிஷம் பளபளவென்று மெருகேற்றாவிட்டால் அதற்கு அரிப்பெடுக்கும். ஆனால் இப்போது அவள் கையில் இருந்தது யாருடைய ஈறும் இல்லை, சாசர் அளவில் ஒரு இசைத்தட்டு. அதன் ஒலிவரிகள் மொத்தமும் வழித்துக்கொண்டு போய், முகம் பார்க்கலாம் போல மின்னியது. "அறிவிருக்காடி உனக்கு?" என்று தன்னையே வைதுகொண்டாள். அம்மாவின் குரலையே தேய்த்துத் தள்ளியாயிற்று! நல்லவேளை, வார்த்தது நகல்தான். அசல் தட்டும் இருந்தது, அதிலிருந்து எடுத்த ரப்பர் அச்சும் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பொருட்காட்சியில், குரலைப் பதிந்து கையோடு தட்டாகக் கொடுக்கும் கூண்டுக்குள் நின்று அம்மா பேசியது அது. பல்லக்கா தவழ ஆரம்பிக்கும் முன்பே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். போட்டோக்கள் இருந்தன, எல்லாவற்றிலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். குரல் மட்டும் பீரோவில் புடவைக்கடியில் ஊமையாகக் கிடந்தது. போட்டுக் கேட்கக் கருவி யாரிடம் இருந்தது? இப்போதுதான் காலம் ஒரு சுற்று சுற்றி வந்து, இளவட்டங்களெல்லாம் கருப்புத் தட்டுக்கு நாயாய் அலைகிறார்கள். சலூன் வைத்திருக்கும் அண்ணனும் அவர்களை இழுக்க ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கி வைத்தான். வைத்த கையோடு, "அம்மா தட்டை எடுத்துட்டு வாடி" என்று போன் செய்தான்.

அங்கேதான் வம்பு. இசைத்தட்டு விற்கிற கடைக்காரர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மேல்பூச்சு பொருக்கு விட்டிருக்கும்மா. ஊசியை வச்சா, பேசப் பேச உரிஞ்சுகிட்டே வந்தாலும் வரும்" என்று சொல்லியிருந்தார். அண்ணன் கேட்டால்தானே!

"நான் பூ மாதிரி வைப்பேன்."

"ஒரு மண்ணும் வேணாம்."

"எனக்கும் அவதானே அம்மா?"

"நீ அவ பேசிக் கேட்டவன். நான்?"

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. கருவி அவனிடம், தட்டு இவளிடம். வீம்பும் ரெண்டு பக்கமும் சரிசமம்.

பல்லின் மயிரிழைக் கீறலைக்கூட விடாமல் அள்ளும் ரப்பர், தட்டின் வரியையும் அள்ளாதா என்று ஒரு நாள் வேலைக்கு நடுவே தோன்றியது. தோன்றியதிலிருந்து சோறு இறங்கவில்லை. ரப்பரை உரிக்கும்போது பூச்சும் கூடவே வந்துவிட்டால்? ஊசியாவது ஒரு தடவை பேசவிட்டிருக்குமே! ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சே விடாமல் உரித்தாள். பூச்சு அசையவில்லை. உட்கார்ந்து அழுதுவிட்டாள். அந்தப் பதற்றம் தணியாமல்தான் முதல் வார்ப்பைக் கொண்டுபோய்ச் சக்கரத்தில் கொடுத்தது. இரண்டாவதை வார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றாள்.

சலூனுக்குள் அவள் நுழைந்தபோது ஒருவர் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தார். அண்ணன் கத்தியை மடக்கினான். அவள் நீட்டிய தட்டை வாங்கிப் பார்த்தான்.

"என்னடி இது, ஈறு மாதிரி இருக்கு!"

"ஈறுதான். போடு."

'என்னடி'யில் ஒன்றும் கேட்கவில்லை. 'ச' வருகிற சொல்தான் அண்ணனைக் காட்டிக்கொடுக்கும். முன்பல் இரண்டுக்கும் நடுவே நல்ல சந்து, அதன் வழியே ஒரு மெல்லிய விசில் புறப்படும். சலூனே கிண்டல் செய்யும். அதனால் சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வான். ஓசியில் அடைத்துத் தருவதாக இவளும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று.

அடுத்தவர் தொண்டையில் கத்தி வைக்கும் கையால், பூ மாதிரியே ஊசியை வைத்தான். முதலில் ஒரே இரைச்சல். பிசினில் உறைந்திருந்த குமிழிகள் ஊசியில் தட்டிப் படபடத்தன. போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, இவள் மகள் வயதுகூட இருக்காத ஒருத்தி பேசினாள்.

"ஆரம்பிச்சாச்சா? ஐயோ, என்ன சொல்றதுன்னே தெரியலையே... சரி, சிரிச்சுட்டுப் போறேன்."

சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. தட்டு முடிந்துவிட்டது.

பல்லக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கருப்புத் தட்டின் பள்ளம் ரப்பரில் மேடாகி, அந்த மேடு பிசினில் மறுபடி பள்ளமாகி, அவள் பட்டறை வழியாக அல்லவா அம்மா நடந்து வந்திருக்கிறாள்! அதுமட்டுமா? சொல்றது, சரி, சிரிச்சுட்டு. ஒவ்வொன்றிலும் அந்த விசில். ஆயுசெல்லாம் வாய்களோடு புழங்குகிறவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணே, அம்மாவுக்கு முன்பல்லுல சந்து. அதான் போட்டோவுல வாயே திறக்கல."

அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். "எனக்கு அவ குரலே ஞாபகம் இல்லடி. உங்கிட்ட சொல்லத்தான் வெட்கமா இருந்துச்சு" என்றான். விசிலோடுதான் சொன்னான். சொன்னதும் அவனுக்கே அது கேட்டது.

நுரைக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். "இன்னொரு தடவை வைங்களேன்" என்றார்.

அண்ணன் ஊசியைத் தூக்கி ஓரத்தில் வைத்தான். ரோஸ் தட்டு சுற்ற, அந்தப் பெண் மறுபடி தடுமாறி, மறுபடி சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு பீறிட்டது. பழக்கத்தில் வாய்க்குப் போன கை பாதியில் நின்று கீழே இறங்கியது. சலூனின் எதிரெதிர்க் கண்ணாடிகளில், ஒருவனுக்குப் பின்னால் ஒருவனாகக் கண்ணுக்கெட்டும் தூரம்வரை அண்ணன்கள் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.