இத்தா அறையில் தண்ணீர்

றவூப் மௌத்தான அறையிலேயே அவருடைய மனைவி ஹாஜறா இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் தனித்திருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாள் முடியும்வரை அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. இத்தாவை அந்த அறையிலேயே இருந்து முடிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

அறையோடு சேர்ந்த கக்கூசில் கொமட் தொட்டி ஒழுகத் தொடங்கியது. ஹாஜறாவின் அண்ணன் ஜவுபர் காக்கா வந்து பார்த்தார்.

"நாளைக்கும் இப்பிடியெண்டா மருதமுனைக்கு என்ட வீட்டுக்கு வந்திரு. தண்ணிக்குள்ளயா இத்தா இருக்கப் போறாய்?"

மறுநாள் ஹாஜறாவின் மகள் ஆகிலா, பைப் வேலை செய்யும் முனாபைக் கூப்பிட்டாள். அவன் உள்ளே வராமல் கக்கூஸ் ஜன்னலுக்கு வெளியே மதிலோரம் நின்றான்; ஆகிலா உள்ளே நின்றாள்.

"கழட்ட முதல் தண்ணியப் பூட்டணும் தங்கச்சி. கொமட்டுக்குப் பின்னால சின்ன வால்வு கிடக்கா?"

"ஓம்."

"வலப்பக்கம் திருப்புங்க."

"திரும்புதில்ல."

"சோறு தின்னல்லயா? பெலமாத் திருப்புங்க."

ஆகிலா துணியைச் சுற்றி இரண்டு கையாலும் திருகினாள். துருப்பிடித்த வால்வு முறிந்து கையோடு வந்தது. தண்ணீர் பீறிட்டு அறைக்குள் பாய்ந்தது.

முனாப் ஓடிப்போய் மீட்டரடியில் தெருக்குழாய்த் தண்ணீரைப் பூட்டினான். நிற்கவில்லை. கூரைமேல் இருந்த தண்ணீர்த் தாங்கி நிறைந்திருந்தது.

"தாங்கி வால்வு எங்க?"

"தெரியா! வாப்பாக்குத்தான் தெரியும்!"

"அடைக்கிற மூடி என்ட கையில இரிக்கு. ஆனா நான் உள்ள வரணுமே."

தரையில் விரித்திருந்த மெத்தை நனைந்துகொண்டிருந்தது. ஹாஜறா வெள்ளைத் துணியை முகத்துக்கு மேல் இழுத்து, மூலையில் சுவரைப் பார்த்துக் குந்தினாள்.

"வரச் சொல்லு மகள்."

முனாப் குனிந்த தலையோடு வந்தான். அடைத்தான். அப்படியே திரும்பிப் போனான்.

சற்றுப் பிந்தி வந்த ஜவுபர், அறைக்குக் குறுக்கே கிடந்த சேற்றுக் கால்தடத்தைப் பார்த்தார்.

"ஆரு வந்த?"

"நான் முகம் காட்டல்ல காக்கா."

"ஊரு முகத்தையா கேக்கும்? இத்தா வீட்டுக்குள்ள ஆம்புள பூந்தானா எண்டுதான் கேக்கும்."

"தண்ணி நிண்டிட்டு மாமா," என்றாள் ஆகிலா. "உம்மா இஞ்சயே இருக்கட்டும்."

"நீ வாயப் பொத்து புள்ள."

மருதமுனைக்குப் போக ஓட்டோவைக் கதவோடு ஒட்டி நிறுத்தினார்கள். ஆகிலாவும் ஜவுபரின் மனைவியும் பெட்சீட்டை மறைத்துப் பிடிக்க, ஹாஜறா அதற்குள்ளால் நடந்து ஏறினாள். ஆகிலாவும் கூடவே போனாள்.

அடுத்த நாள் புது வால்வு பூட்ட வந்த முனாபிடம் ஜவுபர் வீட்டுத் திறப்பைக் கொடுத்தார். அவன் அதைப் போட்டு முன்கதவைத் திறந்து நேரே உள்ளே போனான். தடுப்பதற்கு அங்கே யாரும் இல்லை.