பதினைந்து மீட்டர்

"ரேடியோல ஒரு கோளாறும் இல்லன்னு சொல்லிடு மச்சான். அது போதும்" என்றார் அத்தான்.

மேசைமேல் இருந்தது அவரே கட்டிய சிற்றலை வானொலி. தகரம் வெட்டி, துளை போட்டு, சுருள் சுற்றி முடிக்க ஒரு வருடம் ஆனது. "என்னைத் தவிர உலகமே பேசுறது கேக்கும் இவருக்கு" என்பாள் அக்கா. அயல்நாட்டில் இருந்த அவர் தம்பிக்கு ஒலிபரப்ப உரிமம் உண்டு. ஞாயிறு காலை பத்து மணிக்குப் பதினைந்து மீட்டர் அலைவரிசையில் பேசுவார். அத்தானால் கேட்க மட்டும்தான் முடியும். பதிலைக் கடிதமாகப் போடுவார். வீட்டுப் பாகப்பிரிவினையில் வார்த்தை தடித்த மறுவாரம் தம்பியின் குரல் நின்றது. இவரும் வீம்பாகக் கடிதத்தை நிறுத்தினார். எட்டு மாதம். முந்தாநாள் தம்பி இறந்துவிட்டார்.

"ஒரு வாரம்கூட விடாம பேசினானாம். அண்ணன் கோவத்துலயும் கேட்டுட்டுதான் இருப்பார்னு சொல்வானாம். அவன் பொண்டாட்டி போன்ல அழறா" என்றார் அத்தான். "பொய்தானே? நானும் ஒரு வாரம்கூட கேக்காம விடலையே. மத்த ஸ்டேஷனெல்லாம் கணீர்னு வருதே!"

என்னைக் காட்டிக் கொடுத்தது அந்தக் கணீர்தான். வெளியிலிருந்து வரும் அலையோடு, வானொலி தானே எழுப்பும் இன்னொரு அலையைக் கலப்பது மிக்சர் வால்வு என்ற கண்ணாடிக் குழலின் வேலை. தளர்ந்த வால்வு கீழ் அலைவரிசைகளில் யோக்கியமாக நடந்துகொள்ளும். மேலே, பதினைந்து மீட்டர் பக்கம் போனால் தன் அலையை எழுப்பாமல் கம்மென்று இருந்துவிடும். அந்த வால்வு என் கடைச் சரக்கு. யாரோ பயன்படுத்தித் தேய்த்ததைத் துடைத்து, புது அட்டைப்பெட்டியில் போட்டு, "உங்களுக்குன்னு எடுத்து வச்ச புதுசு அத்தான்" என்று கொடுத்திருந்தேன். பேரம் பேசாதவரிடம் பொய் சொல்வது அவ்வளவு சுலபம்.

ஓடிக்கொண்டிருந்த வானொலியை நிறுத்தி, வால்வைத் துணியால் பிடித்து உருவி மேசையில் வைத்தேன். பையிலிருந்த நிஜமான புதியதைச் செருகினேன். அது சூடேற அரை நிமிடம். செத்துக் கிடந்த பதினைந்து மீட்டர் முழுவதும் சீட்டிகள், தந்தியொலிகள், எந்தெந்த ஊரிலிருந்தோ மனிதர்கள்.

அத்தான் அலைவரிசைத் திருகியைத் தொடவில்லை.

"எப்போலேர்ந்து மச்சான்?"

சரக்கைப் பற்றி எவன் கேட்டாலும் பத்துப் பதில் வைத்திருக்கும் வாய் எனக்கு. "நான் குடுக்கும்போதே பழசுதான் அத்தான். உங்ககிட்ட கொஞ்ச நாள் ஓடியிருக்கு, அவ்வளவுதான்."

உள்ளறையிலிருந்து அக்கா கேட்டாள்: "என்னடா ஆச்சு அதுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் சொன்னார்: "ஒண்ணுமில்ல. வால்வு தானா தளர்ந்திருக்கு."

"அப்போ உங்க தம்பி பேசினது நிஜமா?"

வானொலியில் யாரோ தன் அடையாள எழுத்துகளைச் சொல்லி, பதிலுக்காக நிறுத்தி, மறுபடி சொன்னார். அத்தான் பழைய வால்வை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"கீழ வைங்க அத்தான், சுடும்."

அவர் விரல்களை மூடினார்.