எண்பதுக்குக் கீழே

ஊசியக்காவுக்குக் காலையில் எழுந்ததும் முதல் வேலை, தன் விரல்களிடம் கெஞ்சுவது. குளியலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பக்கெட் வெந்நீரில் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை முக்கி, அரைமணி நேரம் ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டுவாள். ஆரம்பத்தில் கெஞ்சலாகத்தான் இருக்கும். போகப்போகத் திட்டாகிவிடும். வீட்டுக்காரர் வெளியே நின்றுகொண்டு, "யாரைத் திட்டுற?" என்று கேட்பார். "உங்களை இல்ல, போங்க" என்பாள். சில நாள் அது பொய்.

பெரிய ஆஸ்பத்திரியின் லேபில் இருபத்திரண்டு வருஷமாக ரத்தம் எடுக்கிறவள். அதனால்தான் ஊசியக்கா. மற்றவர்கள் தட்டித் தடவித் தேடுகிற நரம்பை, "எத்தனை பிள்ளைங்க உங்களுக்கு?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். "எப்ப குத்துவீங்க?" என்று கேட்டவர்களிடம் பஞ்சை வைத்து அழுத்தி அனுப்பியிருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன் முடக்குவாதம் வந்தபோதுகூட அந்தக் கை கெடவில்லை. மூட்டு டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். அது நோயைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது. நாலு வருஷம் பக்கத்து நாற்காலிக்காரிக்குக்கூட விஷயம் தெரியாது.

பிறகுதான் நெஞ்சில் சளி கட்டியது. சளி நிமோனியாவாகி, பத்து நாள் படுத்துக் கிடந்து எழுந்தபோது, உள்ளே போன மருந்துகளெல்லாம் சேர்ந்து கல்லீரலைக் கெடுத்து வைத்திருந்தன. நாற்பதுக்குள் இருக்க வேண்டிய கல்லீரல் கணக்கு நூற்றுத் தொண்ணூறு. டாக்டர் வார மாத்திரையை நிறுத்தினார். வலி மாத்திரையும் தொடக்கூடாது என்றார்.

"எண்பதுக்குக் கீழ வரட்டும்மா. அன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்."

பதினோரு வாரம் ஆயிற்று. நூற்றுத் தொண்ணூறு நூற்று ஐம்பதாயிற்று, அப்புறம் நூற்றுப் பதினெட்டு. அதற்குள் விரல்கள் பத்தும் இஞ்சிக் கிழங்குபோல வீங்கிவிட்டன. பாட்டில் மூடியைத் திறக்க வீட்டுக்காரர், சட்டைப் பொத்தான் போட வீட்டுக்காரர், கதவுச் சாவியைத் திருப்பவும் அவரே.

"கல்லீரல் எங்க இருக்குன்னே எனக்கு இத்தனை நாளா தெரியாது, டாக்டர். அது என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. விரல் பத்தும் வாய் ஓயாம கத்துது. நான் யார் பேச்சைக் கேக்கணும்?" என்று டாக்டரிடமே கேட்டாள். அவர் சிரித்தார். வலி இல்லாதவர்களுக்கு எவ்வளவு சுலபமாகச் சிரிப்பு வருகிறது என்று எரிச்சலாக இருந்தது.

லேபில் ஒரு கிழவரை மூன்று தடவை குத்தினாள். ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கை நீலம் பாரித்தது. ஒரு குழந்தையின் அப்பா, "வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வி அவளிடம் வந்ததே இல்லை. லேப் மேனேஜரம்மா கூப்பிட்டுத் தன்மையாகத்தான் பேசினார். வருஷச் சோதனைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. இருபது பேருக்கு ரத்தம் எடுக்க வேண்டும், பதினெட்டு பேருக்காவது ஒரே குத்தில் வர வேண்டும். வராவிட்டால் அந்த நாற்காலி இன்னொருத்திக்கு.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே அக்கா" என்றார் மேனேஜரம்மா.

ஊசியக்கா வாரங்களை எண்ணிப் பார்த்தாள். மாத்திரை இன்றைக்கே ஆரம்பித்தாலும் விரல் மடங்க ஆறு வாரம் பிடிக்கும். சோதனைக்கு இருப்பது ஏழு. அடுத்த ரத்தப் பரிசோதனையில் எண்பதுக்குக் கீழே வந்தே ஆகவேண்டும். தொண்ணூறு என்று வந்தால்கூடக் கதை முடிந்தது.

அப்போதுதான் அவள் புத்தி குறுக்கு வழியில் போயிற்று.

மாடி வீட்டில் ஓர்ப்படி இருந்தாள், கொழுந்தன் மனைவி. நாற்பத்தைந்து வயதில் இரண்டு கையிலும் இரண்டு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்காமல் படியேறுகிறவள். "நான் பொறந்ததுல இருந்து ஒரு மாத்திரை போட்டதில்லக்கா" என்பதை வாரத்துக்கு ஒரு தடவையாவது, அதுவும் ஊசியக்கா கையை உதறிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துச் சொல்கிறவள். அவள் கை நரம்போ கயிறுபோல மேலேயே ஓடும். ரத்தம் எடுக்கிறவர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. நல்ல நரம்பைப் பார்த்துவிட்டால் ஆளும் நல்லா இருப்பதாக நினைத்துவிடுவார்கள். முகத்தைப் பார்க்க மாட்டார்கள், முழங்கையின் மடிப்பைத்தான் பார்ப்பார்கள். இந்தக் கிறுக்கு ஊசியக்காவுக்கு இருபத்திரண்டு வருஷக் கிறுக்கு.

"ஒரு ட்யூப்தான். என் பேர்ல குடுத்துடுறேன். யாருக்கும் தெரியாது" என்று கேட்டாள். கேட்கும்போதே நாக்கு கூசியது.

ஓர்ப்படிக்கு வாயெல்லாம் பல். "கடைசில என் ரத்தம்தான் வேணும் உங்களுக்கு. எடுத்துக்குங்கக்கா. சுத்தமான சரக்கு."

மறுநாள் காலை ஆறு மணிக்கு, மாடி வீட்டுச் சமையலறை மேசையில் ஓர்ப்படியின் கையை நீட்டவைத்து ரப்பர் பட்டையைக் கட்டினாள். வீங்கிய விரலில் ஊசி வழுக்கியது. ஆனாலும் அவ்வளவு பெரிய நரம்பைக் கண்ணை மூடிக்கொண்டே பிடிக்கலாம். முதல் குத்திலேயே ரத்தம் ட்யூபில் இறங்கியது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் முதல் குத்து. வெட்கக்கேடு என்னவென்றால், அந்த நிமிஷம் ஊசியக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ட்யூபில் தன் பெயர் அச்சிட்ட ஸ்டிக்கரை ஒட்டினாள். ஒருவர் ரத்தத்தில் இன்னொருவர் பெயரை ஒட்டுவதைவிடப் பெரிய பாவம் அந்த வேலையில் கிடையாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் பாடமே அதுதான். அந்தப் பாடத்தை நடத்துகிறவளும் அவள்தான்.

பகல் பன்னிரண்டு மணிக்கு, மெஷின் பார்க்கிற பெண் தாளோடு வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க."

"என்னடி, எண்பதுக்குக் கீழதானே?"

"நானூத்திப் பன்னெண்டு, அக்கா. ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டேன். மஞ்சக்காமாலைக் கணக்கும் ஏறியிருக்கு."

ஊசியக்கா, 'போச்சு, கல்லீரல் போச்சு, மாத்திரை இனி கிடையவே கிடையாது' என்று தனக்காக அழ ஆரம்பித்தாள். பெயர் அவளுடையது, தாள் அவளுடையது, அழுகையும் தானாக வந்துவிட்டது. முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடும்போதுதான் அது தன் ரத்தமே இல்லை என்பது உறைத்தது. அவளை உறுத்தியது அதுகூட இல்லை. உறைத்த முதல் நொடியில் வந்தது நிம்மதி. 'அப்பாடா, எனக்கில்ல' என்று மனசு சொல்லிவிட்டது. அதற்கப்புறம்தான் ஓர்ப்படியின் முகம் ஞாபகம் வந்தது.

டாக்டர் போனில் கூப்பிட்டுத் திட்டினார். "யார் பேச்சைக் கேட்டு என்ன சாப்டீங்க? பொடி, லேகியம் ஏதாவது? நாளன்னிக்கு ஸ்கேன். மறுபடியும் ரத்தம் குடுத்துட்டு வாங்க."

சாயங்காலம் மாடிப் படியேறினாள். ஓர்ப்படி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஊசியக்கா சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஓர்ப்படி கடைசிவரை கேட்டாள். தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இதுல யார் பேரு இருக்கு?"

"பேரு என்னுது. ரத்தம் உன்னுது."

"உங்க பேருதான் இருக்கு."

"ஒட்டினதே நான்தானேடி. கோபத்தை அப்புறம் பாத்துக்கலாம். பொடி கிடி ஏதாவது சாப்புடுறியா?"

ஓர்ப்படியின் கண் தன்னை அறியாமல் அலமாரிப் பக்கம் போயிற்று. அங்கே ஒரு பெரிய பச்சை டப்பா. மேலே ஒல்லியான பெண்ணின் படம். உடம்பு இளைக்கிற பவுடர், ஏழு மாசமாகக் காலையும் மாலையும்.

"அது இலை தழைக்கா. மாத்திரை இல்ல."

"உன்னைக் கெடுத்ததே அதுதான். கண்ணைக் காட்டு. பாரு, மஞ்சளா இருக்கு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வா."

ஓர்ப்படி துணியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் சுருக்கென்று குத்தியது.

"நான் நல்லா இருக்கிறது உங்களுக்கு எப்பவும் உறுத்தும். எனக்குத் தெரியாதா? உங்க ரத்தம் கெட்டுப்போச்சு, அதை என் தலையில கட்டப் பாக்குறீங்க. இன்னொரு தடவை ஊசிய எடுத்துக்கிட்டு இந்தப் படி ஏறாதீங்க."

உறுத்தும் என்றது உண்மை. ஊசியக்கா கூடத்துக்குப் போய்க் கொழுந்தனிடம் சொன்னாள். அவர் மனைவி முகத்தைப் பார்த்தார், அண்ணி முகத்தைப் பார்த்தார், "பொம்பளைங்க விவகாரம்" என்று டிவியின் சத்தத்தைக் கூட்டினார். தன் வீட்டுக்காரரோ, "ட்யூபை மாத்தினது வெளிய தெரிஞ்சா வேலை என்ன ஆகும்? முதல்ல வாயை மூடு" என்றார்.

ஸ்கேன் அன்று காலை லேபில் மெஷின் பார்க்கிற பெண்ணிடமே கையை நீட்டினாள். இந்தத் தடவை சொந்த ரத்தம். எழுபத்திநாலு.

தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு திருட்டும் பண்ணாமல், தன் கையையே நீட்டியிருந்தால் முந்தாநாளே மாத்திரை கையில் இருந்திருக்கும். கல்லீரல் தன் பாட்டுக்கு ஒழுங்காகத் தேறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவள்தான் நம்பவில்லை. ஆத்திரத்தில் மேசைக் காலை ஓங்கி உதைத்தாள். கால் விரலிலும் வாதம் இருக்கிறது என்பது அப்போது மறந்துபோயிற்று.

டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு நாள்ல நானூத்திப் பன்னெண்டு எழுபத்திநாலா இறங்காதும்மா. லேப்ல ட்யூப் மாறியிருக்கு. எழுபத்திநாலு உங்களுதுதானே? இன்னிக்கே மாத்திரைய ஆரம்பிச்சிடலாம்." பேனாவை எடுத்து எழுதவும் ஆரம்பித்தார். "இன்னொண்ணு எந்த மகராசனுதோ, பாவம். லேப்ல தேடிக்கட்டும்."

எழுதி முடிக்கிறவரை ஊசியக்கா பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டு கைக்கு வந்தது. பைக்குள் மடித்து வைத்தாள். எழுந்து போய்விடலாம். லேபில் தேடினால் முதலில் மாட்டுவது மெஷின் பார்க்கிற பெண். அவளும் எப்படியோ தப்பித்துக்கொள்வாள். ஓர்ப்படி காலையும் மாலையும் பவுடரைக் கலக்கிக் குடித்துக்கொண்டு, இரண்டு குடத்தோடு படி ஏறிக்கொண்டிருப்பாள், ஏற முடிகிறவரைக்கும். வீட்டார் யாரும் நம்பாத விஷயத்தை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் போன் பண்ணிச் சொன்னால் நம்புவார்கள். டாக்டர் போன் பண்ண வேண்டுமென்றால் அவருக்கு ஆள் யாரென்று தெரியவேண்டும்.

"ட்யூப் மாறல, டாக்டர். நான்தான் மாத்தினேன்" என்றாள். அப்புறம் போன் நம்பரைச் சொன்னாள்.

ஓர்ப்படியை அன்றைக்கே கூட்டிப்போய்ச் சேர்த்தார்கள். இன்னும் மூன்று வாரம் போயிருந்தால் கல்லீரலே மிஞ்சியிருக்காது என்று டாக்டர் கொழுந்தனிடம் சொன்னாராம். பவுடரை நிறுத்தியதும் கணக்கு இறங்க ஆரம்பித்தது. "எனக்கே உள்ளுக்குள்ள ஏதோ சரியில்லன்னு தோணிச்சு, அதான் போய்க் காட்டினேன்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஓர்ப்படி சொன்னாள். அதைக் கேட்ட ஊசியக்காவின் வீட்டுக்காரர் சண்டைக்குப் போகப் பார்த்தார். அவள்தான் பிடித்து நிறுத்தினாள். நன்றியை வாங்கி எந்த டப்பாவில் போட்டு வைப்பது?

அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மேனேஜரம்மா அதையும் தன்மையாகத்தான் செய்தார். "நீங்களே சொல்லிக் குடுத்த பாடம், அக்கா" என்றார். சோதனையில் தோற்று நாற்காலி போயிருந்தால் நோயின்மேல் பழியைப் போட்டு ஒரு மூச்சு திட்டியிருக்கலாம். இப்போது அந்த வசதியும் இல்லாமல் போயிற்று.

மாத்திரை தன் வேலையைச் செய்தது. ஏழாவது வாரம், ஒரு காலையில், வெந்நீர் இல்லாமலே வலது கை முழுசாக மூடியது. கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்டது. ஊசி பிடிக்கிற மாதிரி இரண்டு விரலைச் சேர்த்துப் பார்த்தாள். ஒரு நடுக்கமும் இல்லை. அன்றைக்கு லேபில் வருஷச் சோதனை. அடுப்படியில் நின்று, வாய்க்கு வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். மனசு ஆறவில்லை.

அன்று மத்தியானம் ஓர்ப்படி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். வாரா வாரம் ரத்தம் கொடுக்கப் போகிறவள். மாடிக்குப் போகாமல் கீழ் வீட்டு வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். முழங்கை மடிப்பு இரண்டும் கருநீலம்.

"உங்க இடத்துல ஒருத்திய வச்சிருக்காங்க பாருங்க, அஞ்சு குத்து. உயிரே போச்சு. இனிமே வீட்லயே நீங்க எடுத்துக் குடுத்துடுங்கக்கா, நான் கொண்டு போய்க் குடுத்துக்கறேன்."

"என்கிட்ட ஊசி இல்ல. இருந்தாலும் நான் எடுக்கக்கூடாது. நான் எடுத்தா லேப்ல வாங்க மாட்டாங்க."

ஓர்ப்படி அவள் கையைப் பார்த்தாள். வீக்கம் வடிந்து, விரல்கள் நேராக, பழையபடி இருந்தன.

"கை சரியாயிடுச்சு போலருக்கே" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னாள். "அப்ப அதை வச்சுக்கிட்டு என்னதான் பண்றீங்க?"

"சும்மாதான் வச்சிருக்கேன்" என்றாள் ஊசியக்கா.