மூக்குக்கு ஊற்றிய கோப்பை

கார்க்கின் பாதி கையோடு வந்துவிட்டது. மீதி, பாட்டிலின் கழுத்துக்குள்ளேயே நின்றது.

"உடைஞ்சிருச்சா?" என்று கட்டிலிலிருந்து அப்பா கேட்டார். கண்ணைத் திறக்கவில்லை. அந்தச் சத்தம் போதும் அவருக்கு.

"பாதிதான்ப்பா."

"குத்தாத. தூளாயிடும். அந்த ரெட்டைத் தகட்ட எடுத்து ரெண்டு ஓரத்துலயும் விட்டு, ஆட்டி ஆட்டி இறக்கு."

இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு இதே வேலைதான். ஒயின் கிடங்கில் ஒரு நாளைக்கு எத்தனையோ பாட்டில் திறக்கிறாள். ஆனாலும் சொன்னபடி செய்தாள். தகட்டின் இரண்டு நாக்குகளும் கண்ணாடிக்கும் கார்க்குக்கும் நடுவில் இறங்கின. திருகி இழுத்தபோது ஈரமும் கறுப்புமாக மீதிப் பாதி வெளியே வந்தது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நாடி பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் மூக்கைச் சுளித்தாள். "பழைய செருப்பை மழையில போட்ட மாதிரி இருக்கு. இத யாராவது குடிப்பாங்களா?"

அப்பாவின் வாயோரம் கோணியது. சிரிப்புதான். "சரியாச் சொல்லிட்டா. இவளைக் கிடங்குல சேத்துவிடு."

காலையில் வந்த டாக்டர் வாசலில் நின்று, இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. திங்கட்கிழமையே அவர், "அந்த மழை வருஷத்து பாட்டில நிமிர்த்தி வை, கசடு அடியில இறங்கட்டும், ரெண்டு நாள் கழிச்சுத் திறக்கலாம்" என்று சொல்லியிருந்தார். தனக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அவள் கைப்பேசி விளக்கை பாட்டிலின் கழுத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு, மெதுவாக ஒரு கோப்பையில் ஊற்றினாள். நடுவில் சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். அடியிலிருந்த கசடு கலங்குவதற்குள் நிறுத்தினாள்.

கிடங்கில் அப்பாவுக்கு நாக்கு என்று பெயர். அம்மாவின் தம்பிக்கு மூக்கு. ஒயினை ருசி பார்த்துத் தரம் சொல்லும் மேசையில் மாமா அப்பாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். நாக்கும் மூக்கும் ஒரே வீட்டில் விருந்து சாப்பிட்டால் சமைத்தவள் கதி என்ன என்று கிடங்கில் கேலி பேசுவார்கள். அம்மா அதற்கெல்லாம் அசரமாட்டாள். "ரெண்டும் உப்புப் போடலேன்னாகூட கண்டுபிடிக்காதுங்க" என்பாள்.

அந்த மேசைக்கு ஒரே ஒரு சட்டம். குடித்துப் பார்த்தவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் தன் முடிவை ஒரு துண்டுத் தாளில் எழுதி, மடித்து, கோப்பையின் அடியில் வைத்துவிட வேண்டும். எல்லாத் தாளும் வைத்த பிறகுதான் பேச்சு. ஒருவர் சொன்னது இன்னொருவர் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதற்காக.

மழை வருடத்து ஒயினை முதலில் சோதித்தபோது மேசையில் மூன்று பேர். அப்பா, மாமா, புதிதாகச் சேர்ந்த அவள். அறுவடைக்கு முந்தின வாரம் முழுக்க மழை பெய்து திராட்சை எல்லாம் தண்ணீர் கோத்திருந்த வருடம். இதை உடனே விற்றுவிடுவதா, பத்திரப்படுத்தி வைப்பதா என்பது கேள்வி. மாமா, "பத்து வருடம் தாண்டாது" என்று எழுதினார். அப்பா, "இருபத்தைந்து தாங்கும். எலும்பு இருக்கிறது" என்று எழுதினார்.

அவளுக்கு அது சோனியாகத்தான் பட்டது. பத்து என்று எழுதத்தான் பென்சிலை எடுத்தாள். அப்போது அப்பாவின் தாள், மடிப்பதற்கு முன் ஒரு நொடி, அவள் கண்ணில் பட்டது. இருபத்தைந்து என்று எழுதினாள். எலும்பு இருக்கிறது என்றும் எழுதினாள்.

இரண்டுக்கு ஒன்று. அப்பா எல்லார் முன்னாலும், "மூக்குக்கு வயசாயிடுச்சு, சின்னப் பொண்ணுக்குத் தெரியறது தெரியல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் மாமாவை லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு அவர் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா செத்தபோது மட்டும் கேட்டுக்கு வெளியே நின்று, "இனி உங்கப்பா முடிஞ்சாத்தான் உள்ள வருவேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"குடி" என்றார் அப்பா.

"நீங்க?"

"சிகிச்சை ஆரம்பிச்சதுலேர்ந்து எனக்கு எல்லாம் தகரம். நீ பாரு. எழுது."

அவள் கோப்பையைச் சுழற்றி முகர்ந்தாள். நர்ஸ் சொன்ன செருப்பு முதலில் வந்தது. அதற்குப் பின்னால் காய்ந்த பிளம்ஸ், ஈர மண், எங்கோ ஆழத்தில் துருப்பிடித்த இரும்பு. வாயில் ஊற்றி நிறுத்தினாள். மெலிந்திருந்தது, ஆனால் நேராக நின்றது. விழுங்காமல் கிண்ணத்தில் துப்பினாள். அப்புறம் தாளில் எழுதினாள்: உயிரோடு இருக்கிறது. இன்னும் ஐந்து வருடம் போகும்.

மடித்துக் கோப்பையடியில் வைத்தாள்.

"படி" என்றார்.

படித்தாள். ஜெயித்த மனிதனின் முகமாக அப்பாவின் முகம் இல்லை. பல்வலிக்காரன் முகம்போல இருந்தது.

"இது உன் வார்த்தை" என்றார். "அன்னிக்கு எழுதினது என் வார்த்தை."

மடிக்கப்போன தாள் அவள் கையில் அப்படியே நின்றது.

"எலும்புன்னு நான் அதுக்கு முன்னால ஒரு தடவகூட யார்கிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்குத்தான் தோணிச்சு, எழுதினேன். பிரிச்சுப் பாத்தா உன் தாள்லயும் அதே. அப்பவே தெரியும்."

"அப்ப ஏன்ப்பா நீங்க..."

"ஜெயிச்சேன்ல" என்றார் அப்பா. "ஜெயிச்சவன் தாளைத் திருப்பிப் பாப்பானா?"

நர்ஸ் எதுவும் புரியாமல் தலையணையைச் சரிசெய்தாள். அப்பா மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டு, "அவனைக் கூப்பிடு" என்றார்.

அவள் கூடத்துக்குப் போய் அழைத்தாள்.

"முடிஞ்சிருச்சா?" என்றார் மாமா, எடுத்த எடுப்பில்.

"இல்ல மாமா. மழை வருஷத்தத் திறந்திருக்கோம். உங்களக் கூப்பிடச் சொன்னாங்க."

எதிர்முனையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"ரெண்டு பஸ் மாறணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"வர்றாங்கப்பா."

"எதுல?"

"பஸ்ல. ரெண்டு மாறணுமாம்."

"அப்ப ஒன்றரை மணி நேரம் ஆகும்." அப்பா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். "அவனுக்கு ஊத்தி வை. பெரிய கோப்பைல."

"வந்தப்புறம் ஊத்தலாம்ப்பா. வயசான சரக்கு. காத்து பட்டா அரை மணிகூட நிக்காது, உங்களுக்குத் தெரியாததா?"

"இப்பவே ஊத்து. மிச்சத்த அகல ஜாடில கொட்டி வை. மூடாத."

மருந்து மூளைக்கு ஏறிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். சாகப்போகிறவரிடம் என்ன வாதம். ஊற்றினாள். மிச்சத்தை ஜாடியில் கொட்டி, இரண்டையும் சமையலறை மேசையில் வைத்தாள். தன் தாளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அப்பா அதன் பிறகு இரண்டு தடவை மணி கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. அவர் மூச்சு, மாடிப்படி ஏறுகிறவன் ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று போவதுபோலப் போய், ஒரு தளத்தில் நின்றது. நர்ஸ் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டாள். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்ப மாட்டேன் என்றது.

அவளுக்கு அழுகை வரவில்லை. டாக்டருக்குச் சொன்னாள். அப்பாவின் பல்செட்டைக் கழுவி வைத்தாள்.

மாமா வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலிலேயே அவள் முகத்தைப் பார்த்தார்.

"எப்ப?"

"கால் மணி நேரம் முன்னாடி."

"ரெண்டாவது பஸ் கிடைக்கல" என்றார் மாமா, யாரோ அவரைக் குற்றம் சாட்டியதுபோல. உள்ளே போனார். கட்டில் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். லேபிள் பிரிவில் சரக்கைச் சோதிக்கும்போது அப்படித்தான் நிற்பார். வெளியே வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எதுக்காம் கூப்பிட்டார்?"

அவள் கோப்பையைக் காட்டினாள்.

"நான் இதெல்லாம் விட்டு எத்தனையோ வருஷமாச்சு. வீட்ல பால் திரிஞ்சிருக்கான்னு கேட்டாக்கூட உங்க அத்தையத்தான் மோந்து பாக்கச் சொல்றேன்."

"ஏன் மாமா?"

"ஏன்னா? ரெண்டு பேர் ஒண்ணு சொல்லி ஒருத்தன் வேற சொன்னா, எவன் தப்பு? என் மூக்கு கெட்டுப்போச்சுன்னு நானே நம்பிட்டேன். அப்புறம் எத மோந்தாலும் சந்தேகம்."

இதை அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. மாமாவுக்கு மேசை போனது, மரியாதை போனது என்றுதான் இத்தனை வருடமும் மனதுக்குள் புழுங்கியிருந்தாள். மூக்கே போயிருந்தது.

"மாமா, அன்னிக்கு என் தாள்..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினால் பிறகு வராது என்று தெரிந்து ஒரே மூச்சில் சொன்னாள். "பாத்து எழுதினேன். அப்பாவோடத. எனக்கும் பத்துன்னுதான் பட்டுச்சு."

மாமா அவளைப் பார்த்தார். அறைந்துவிடுவார் என்று ஒரு கணம் தோன்றியது. அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இருபத்திரண்டு வருஷம்டி" என்றார். குரல் ஏறவே இல்லை. "உன் கல்யாண மண்டபத்துக்கு வந்தேன், உனக்குப் பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஒரு தடவ வாயத் திறந்திருக்கலாம்ல?"

அவள் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

மாமா கோப்பையை இழுத்தார். சுழற்றினார். கை மறக்கவில்லை, ஒயின் கண்ணாடியில் சீராக ஏறி இறங்கியது. மூக்கை உள்ளே விட்டார். எடுத்தார். மறுபடி விட்டார். ஒரு வாய் எடுத்து, எழுந்துபோய்க் கழுவுதொட்டியில் துப்பினார்.

"தாள்."

கொடுத்தாள். எழுதினார், மடித்தார், கோப்பையடியில் வைத்தார். அப்புறம் தானே பொறுக்காமல் பிரித்து மேசைமேல் போட்டார். செத்துப்போச்சு, என்று இருந்தது. வெறும் காடி. ஈர அட்டைப்பெட்டி.

"என் மூக்குல தப்பில்ல" என்றார். பக்கத்து அறையில் பிணம் கிடக்கும்போது அவர் முகத்தில் இரத்தம் ஊறியது. நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார். "நான் சொன்னேன்ல? தண்ணி கோத்த பழம்னு சொன்னேன்ல?"

அவள் ஜாடியைப் பார்த்தாள். பெரிய கோப்பை. அகல ஜாடி. மூடாதே. ஒன்றரை மணி நேரம். அப்பாவுக்கு மருந்து ஏறியிருக்கவில்லை.

"உன் தாள் எங்க?" என்றார் மாமா. "நீயும் பாத்திருப்பேல்ல?"

சட்டைப்பையில் அது நெஞ்சை உறுத்தியது. புதிதாக ஒன்று எழுதிவிடலாம். பென்சில் அங்கேயே கிடந்தது, மாமாவின் தாளும் திறந்தே கிடந்தது. செத்துப்போச்சு என்று எழுதினால் எல்லாருக்கும் நல்லது. அப்பாவும் அதைத்தான் விரும்பினார். அன்றும் எல்லாருக்கும் நல்லது என்றுதான் எழுதினாள்.

பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

மாமா அதைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். முகத்தில் ஊறிய இரத்தம் மெல்ல இறங்கியது. கோப்பையை எடுத்து இன்னொரு முறை முகர்ந்தார்.

"எப்ப திறந்தே?"

"உங்களுக்கு ஃபோன் பண்றதுக்கு முன்னாடி."

"எனக்கு ஊத்தினது?"

"ஃபோன் வச்ச உடனே."

"அறிவிருக்கா உனக்கு? இந்த வயசுச் சரக்க ஊத்தி வச்சா..." என்று சீறியவர் பாதியில் நின்றார். ஜாடியைப் பார்த்தார். அதன் அகல வாயைப் பார்த்தார். "யார் ஊத்தச் சொன்னது?"

"அப்பா."

"பஸ்ல வர்றேன்னு சொன்னியா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. போர்வையின் கீழ் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"திருட்டு அத்தான்" என்றார்.

கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நர்ஸ் தலையை நீட்டி, "டாக்டர் வந்துட்டார்" என்றாள். அவள் எழுந்தாள். மாமா எழவில்லை. கோப்பையை எடுத்து அந்தக் காடியை ஒரே மடக்கில் விழுங்கினார். கண்ணில் நீர் வரும் அளவுக்கு முகம் சுருங்கியது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஜாடியை இழுத்து இன்னொன்று ஊற்றிக்கொண்டார்.