வடக்கே பார்த்த செடி

வட்டக்கானலில் திருடி வளர்த்த செடிகளெல்லாம் போன வருஷ மழைக்குப் பிறகு, தாங்கள் களவுபோன வீட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. எல்லாம் சக்குலன்ட், தண்ணீர் அதிகம் கேட்காத தடித்த இலைச் செடிகள். அவற்றின் இலையைக் கேட்டு வாங்கி வைத்தால் அழுகிவிடும், தெரியாமல் கிள்ளி வந்தால்தான் வேர்விடும் என்பது அங்கே எல்லாப் பெண்களும் அறிந்த சட்டம். அதனால் விருந்தாளி ஜன்னல் பக்கம் போனால் வீட்டுக்காரி பார்த்தும் பாராமல் அடுப்பைக் கவனிப்பாள். இப்போது குட்டு வெளிப்பட்டுவிட்டது. அமலி என்பவள் வீட்டுச் செடிகள் நாலு திசையும் பார்த்து நின்றன. கொஞ்ச நாள் சண்டை, கொஞ்ச நாள் சிரிப்பு, பிறகு அதுவும் பழகிப்போனது.

கெஸ்ட் ஹவுஸில் அறை சுத்தம் செய்யும் ரெஜினாவுக்குத்தான் அது பழகவில்லை. ஜீப் ஓட்டும் அவள் புருஷன் டிக்சன் ஒருநாள் சட்டைப்பையில் ஓர் இலை கொண்டுவந்திருந்தான். மன்னவனூரில் ஒரு விடுதி வாசலில் கிள்ளியதாம். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவனாகக் கொண்டுவந்து தந்தது அது ஒன்றுதான். காயம் உலரும்வரை காகிதத்தில் வைத்து, மணலில் கிடத்தி, பனி படாமல் பொத்திப் பொத்தி வளர்த்தாள். இலையடியில் பூப்போலக் குட்டி முளைத்தது. மன்னவனூர் இருப்பது மேற்கே. குட்டியோ வடக்கே பார்த்தது. தொட்டியைத் திருப்பி வைத்தால், விடிவதற்குள் பழையபடி வடக்கு.

"என்னங்க, மன்னவனூரு மேக்கால இல்ல இருக்கு?"

"செடி பேச்சக் கேட்டு புருஷன விசாரிக்கிறவ நீ ஒருத்திதான். போ, சோலியப் பாரு."

அவன் போன் பேச வெளியே போவதும், வடக்கே இருக்கும் பழனிக்குச் சவாரி என்றால் முகம் மலர்வதும் அதற்குப் பிறகுதான் அவள் கண்ணில் பட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல், செடியைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு பழனி பஸ் ஏறினாள். வளைவுக்கு வளைவு பஸ் திரும்பியது, செடி திரும்பவில்லை. பழனியில் இறங்கியதும் அது கிழக்கே பார்த்தது. அந்தத் திசையிலேயே போக, ஆயக்குடியில் ஒரு நீலக் கதவுக்கு நேராக நின்றது.

உள்ளே பாண்டிச்செல்வி என்பவள் கொய்யாப்பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். "மலையிலருந்தா வர்றீங்க? எங்க வீட்டுக்காரரும் அங்கனதாங்க ஜீப் ஓட்றாரு" என்றாள். ஜன்னலில் தாய்ச்செடி, இலை கிள்ளிய தழும்போடு. சுவரில் மாலையும் கழுத்துமாக அவளும் டிக்சனும். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், டிக்சனின் மூக்கோடு, தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ரெஜினா கணக்குப் போட்டுப் பார்த்தாள், தன் கல்யாணத்துக்கு முந்தியே பிறந்த பிள்ளை. பறிகொடுத்தவளாக மலையிறங்கியவள், களவுப் பொருளை வைத்திருப்பவளாக அங்கே நின்றாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, செடியோடு மலை திரும்பினாள்.

வீட்டில் டிக்சன் தூங்கிக்கொண்டிருந்தான், ஒருக்களித்து, வடக்கே பார்த்து. ஆறு வருஷமும் அப்படித்தான் படுத்தான். தெற்குச் சுவரின் குளிருக்குப் பயந்து முதுகு காட்டுகிறான் என்று அவள் நினைத்திருந்தாள். தோளைப் பிடித்துத் தன் பக்கம் புரட்டினாள். டீ கொதிப்பதற்குள் மறுபடி வடக்கு.

தெருவே கேட்க அழுதாள். மறுநாள் வெள்ளனே சட்டைகளைப் பையில் போட்டு, செடியை மடியில் கொடுத்து, அவனைப் பழனி பஸ்ஸில் உட்காரவைத்தாள். ஏதோ மறுக்க வாயெடுத்தான், முகம் அவள் பக்கம் வரவில்லை.

அந்த வாரம் வட்டக்கானலில் பல வீடுகளில் பெண்கள் புருஷன் தூங்கும் கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். ரெஜினா நடுக்கட்டிலில் கைகாலை விரித்து, மல்லாந்து படுத்துத் தூங்கினாள்.