ஹோலிஸ் பெயிண்ட் அடித்த கதவுகள்

கிறிஸ்துமஸுக்குப் புதுத் திரைச்சீலை மாட்டாத வீடு அரிமா நகரத்தில் கிடையாது. அதில் பாதித் திரைச்சீலைகள் லிஸ்ட்ரா தைத்தவையாக இருக்கும். கடைத்தெருத் துணிக்கடை ஒன்றின் பின்கட்டில் உட்கார்ந்து, நவம்பர் பிறந்ததிலிருந்து மிஷினை ஓயவிட மாட்டாள். ஊரார் வீடெல்லாம் பளபளக்க, அவளுடைய சமையலறை மட்டும் அழுது வடிந்தது. சுவரோடு பொருத்திய மர அலமாரிகள் கல்யாணமான புதிதில் செய்தவை. எண்ணெய்ப் பிசுக்கும் அடுப்புப் புகையும் ஏறி, கருப்பா பழுப்பா என்று சொல்ல முடியாத நிறத்துக்கு வந்திருந்தன. புதிதாகச் செய்ய ஆசாரி சொன்ன விலையைக் கேட்டு அவளும் புருஷன் ஹோலிஸும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள்.

"அந்தக் காசுக்கு இன்னொரு வேனே வாங்கிடலாம்" என்றான் ஹோலிஸ். "விடு லிஸ், நானே பெயிண்ட் அடிச்சுத் தர்றேன். வேனும் கொஞ்ச நாள் நிக்கட்டும். எஞ்சின்ல ஏதோ சத்தம்."

அரிமாவுக்கும் பக்கத்து ஊரான கிராண்டேவுக்கும் நடுவே ஆள் ஏற்றும் வேன் அவனுடையது. பண்டிகைக் கூட்டம் அலைமோதும்போது வண்டியை நிறுத்தி வைக்கிற டிரைவரை லிஸ்ட்ரா அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் அலமாரி ஆசையில் அவள் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஹோலிஸ் வேலையை முறையாகத்தான் ஆரம்பித்தான். கதவுகளைத் திருப்புளியால் கழற்றி, சோடாத் தண்ணீரில் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, உப்புத்தாளால் உரசினான். அடிப்பூச்சாகப் பிரைமர் ஒரு கை. அதன்மேல் வெண்ணெய் நிறத்தில், இருப்பதில் மலிவான எனாமல். "அவசரப்பட்டா உரிஞ்சு வந்துடும்" என்று அவளுக்கே பாடம் நடத்தினான். சாயங்காலம் வீடு திரும்பும்போதெல்லாம் அவன் தலைமுடியில் மரத்தூளைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் பாசமும் சேர்ந்து வரும்.

கடைசிக் கை அடித்த அன்று லிஸ்ட்ரா வரும்போதே இடுப்பு ஒடிந்துபோய் வந்தாள். கொட்டகையில் கதவுகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தான். நடுப்பகுதி கண்ணாடி மாதிரி வழுவழுவென்றிருந்தது. ஆனால் ஒவ்வொரு கதவிலும் ஓரத்தில் பழைய பழுப்பு நிறம் பட்டையாகத் தெரிந்தது. சிலவற்றில் மூலையே விட்டுப்போயிருந்தது. ஒரு கதவின் பக்கவாட்டில் பெயிண்ட் வழிந்து கண்ணீர் மாதிரி உறைந்திருந்தது.

"என்ன வேலைய்யா இது? நடுவுல மட்டும் சோத்தைப் போட்டுட்டு ஓரமெல்லாம் காலியா விட்ட தட்டு மாதிரி?"

"எங்க விட்டிருக்கு?" என்றான் ஹோலிஸ்.

அவன் கேட்டது அவளுக்கு நக்கலாகப் பட்டது. "எங்கேயா? கண்ணு என்ன அவிஞ்சா போச்சு உனக்கு?"

அவன் குனிந்து, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிக் கதவைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து நகர்ந்தவன், பக்கத்தில் இருந்த வாளியில் இடறித் தடுமாறினான். பிடிக்கப் போனவளின் மூக்கில் ரம் வாடை குப்பென்று ஏறியது. சட்டை முழுக்க ரம்.

குடியை அவன் விட்டுப் பல வருஷமாயிற்று. பட்ட பாட்டையெல்லாம் இருவரும் மறந்தே போயிருந்தார்கள். இப்போது வீட்டில் இருந்த ஒரே பாட்டில், கறுப்பு கேக்குக்கு உலர்ந்த பழங்களை ஊறவைக்க அவள் வாங்கி மேடைமேல் வைத்தது.

"கைபட்டு விழுந்து உடைஞ்சுடுச்சு லிஸ். சட்டையெல்லாம் தெறிச்சுது. துடைச்சுட்டேன்."

"மேடைமேல மலை மாதிரி நின்ன பாட்டிலு. அது உனக்குத் தெரியலையாக்கும்?"

ஹோலிஸ் பிரஷ்ஷை டர்பண்டைன் டப்பாவில் போட்டான்.

"சரி. குடிச்சேன். போதுமா?"

அவன் இல்லை என்று சத்தம் போடுவான், சண்டை போடுவான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். ஒத்துக்கொண்டதும் அவளுக்குள் ஏதோ இடிந்து விழுந்தது. அதற்கப்புறம் அவனோடு பேச்சில்லை.

மறுநாள் வேலியருகே அடுத்த வீட்டு டூலரி, "என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டதுதான் தாமதம், லிஸ்ட்ரா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டூலரியின் புருஷனும் ஹோலிஸ் வண்டி நிறுத்தும் அதே ஸ்டாண்டில் வேன் ஓட்டுபவன். அது அவள் நினைப்பில் வரவில்லை.

விட்டுப்போன ஓரங்களுக்கெல்லாம் லிஸ்ட்ராவே பெயிண்ட் அடித்தாள், டப்பாவை டங்கென்று வைத்து, கதவை டமாலென்று திருப்பி. கீல்களை மாட்டிக் கதவுகளை இடத்தில் பொருத்தியபோது சமையலறை புதுசாகத்தான் இருந்தது. பண்டிகைக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் கோஷ்டி கிட்டாரும் கிலுகிலுப்பையுமாக உள்ளே வந்து, பாடி முடித்துப் பன்றிக்கறி தின்கையில், "அலமாரியெல்லாம் ஜோரா இருக்கே, யார் அடிச்சது?" என்றார்கள்.

"நான்தான்" என்றாள் லிஸ்ட்ரா. "இவரை நம்பியிருந்தா நாறிப்போயிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். வாசலை ஒட்டி நின்றிருந்த ஹோலிஸும் சிரித்தான்.

புதுவருஷத்தில் அவன் மறுபடி வண்டி எடுத்தான். பகலில் மட்டும் ஓட்டினான். பொழுது சாயுமுன் வீட்டுக்கு வந்துவிடுவான். ஸ்டாண்டில் அவன் வண்டி நின்றால் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார்கள். அவன் வீட்டில் அதைச் சொல்லவில்லை. அவளும், வருமானம் ஏன் இளைத்துவிட்டது என்று கேட்கவில்லை. குடிக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கார்னிவல் திருவிழா முடிந்த வாரம் ஒரு மத்தியானம், வேனை உள்ளே திருப்பும்போது வாசல் தூணில் இடித்து, வண்டியின் ஒரு பக்கத்தையே கிழித்துக்கொண்டு வந்து நின்றான். லிஸ்ட்ரா ஓடிப்போய், ஒரு வார்த்தை கேட்கும்முன் அவன் வாயருகே முகர்ந்தாள். காலையில் குடித்த கொக்கோ வாசனை மட்டும்தான் வந்தது.

"அந்தத் தூண் அங்க இல்லவே இல்ல லிஸ்" என்றான்.

உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தாள். அவன் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தான். தண்ணீர் டம்ளரை அவன் பக்கவாட்டில் நீட்டினாள். வாங்கவில்லை. கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்போதும் திரும்பவில்லை. டம்ளரை மெல்ல அவன் முகத்துக்கு நேரே கொண்டுவந்த பிறகுதான், "குடு" என்று கையை நீட்டினான்.

தலைநகரத்துக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாள். "கண்ணுக்குள்ள அழுத்தம். வலியே தெரியாம ஓரத்துல இருந்து அரிச்சுக்கிட்டு வரும். நடுவுல நல்லாத் தெரியறதால யாருக்கும் சட்டுனு புரியாது. போன பார்வை போனதுதான். மிச்சம் இருக்கறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். வண்டி மட்டும் இனி வேண்டாம்."

"கிறிஸ்துமஸ் சமயத்துலயே வந்திருந்தா?" என்றாள் லிஸ்ட்ரா.

டாக்டரம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்."

திரும்பும் பஸ்ஸில் ஹோலிஸ் அவள் கையைத் தேடிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

"குடிக்கலைனு ஏன்யா சொல்லலை? நான் கத்தினா நீயும் கத்தவேண்டியதுதானே?"

"பயம்" என்றான். "எனக்கே தெரிஞ்சுபோச்சு, கண்ணுல என்னமோ கோளாறுன்னு. குடிகாரன்னா ஒருநாள் திருந்திடலாம். குருடன்னா லைசென்ஸைப் பிடுங்கிக்குவான். அதான், நீ குடின்னு சொன்னதும் அதையே பிடிச்சுக்கிட்டேன்."

"நான் பார்த்திருக்கணும். ஓரம் மட்டும் விட்டுப்போச்சுன்னு என் வாயாலதானே சொன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கக் கூடாதா?"

"நீ என்ன டாக்டரா?" என்றவன், ஜன்னலுக்கு வெளியே ஓடும் கரும்புக்காட்டைப் பார்த்துக்கொண்டே, "அதுகூடப் பரவாயில்ல லிஸ். டூலரிகிட்ட ஏன் சொன்னே?" என்றான்.

மறுநாள் காலையில் கடைக்குப் போகும் வழியில் லிஸ்ட்ரா ஸ்டாண்டில் இறங்கினாள். டிரைவர்கள் வேன்களில் சாய்ந்தபடி கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். ஹோலிஸ் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, அவனுக்குக் கண்தான் கெட்டுப்போனது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான். டூலரியின் புருஷன் தரையைப் பார்த்தான். வயதான டிரைவர் ஒருவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "நீதானேம்மா முதல்ல சொன்னே?"

"ஆமாய்யா. நான்தான் சொன்னேன்."

கிராண்டே பயணிகள் வந்து ஏற ஆரம்பித்தார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன.

அன்று சாயங்காலம் அவள் அவனைப் படுக்கச் சொல்லி, இமையை விரலால் விலக்கி, கண்ணுக்கொரு சொட்டு விட்டாள். மருந்து எரிந்தது போலிருக்கிறது, முகத்தைச் சுளித்தான்.

"அசையாதே" என்றாள்.

"எங்க போகப்போறேன்" என்றான் ஹோலிஸ்.